சும்மா இருக்க ஓர் ஆள்

ஜூன் 2, திங்கள்

காலை 128/84. மாலை 134/88.

என் மனைவியின் ரத்த அழுத்தத்தை இரண்டு வேளையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. கம்பெனிக்குப் பேரிங் சப்ளை செய்பவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது, எடுத்துக்கொண்டேன். ஒரு முழுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. அதனால் மீதி இடத்திலும் ஏதாவது எழுதலாம் என்றிருக்கிறேன்.

விஷயம் இதுதான். சுகந்திக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் நான்காம் மாதமே தையல் போட்டாயிற்று. இன்றைய ஸ்கேனில் அந்த வாயின் நீளம் இன்னும் குறைந்திருக்கிறதாம், பிரஷரும் ஏறுகிறதாம். இனிமேல் படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். "ஒவ்வொரு வாரமும் உள்ள இருக்க இருக்கக் குழந்தைக்கு நல்லது. அவங்க மனசு அமைதியா இருக்கணும். அத நீங்கதான் பாத்துக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பார்த்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. பம்ப் மோட்டார் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். எந்த லைனில் எந்த ஆள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். யாராவது சும்மா நின்றால் எனக்குக் கை அரிக்கும்.

போன தடவை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஜூன் 4, புதன்

காலை 130/84. மாலை 130/86.

அம்மா பெருந்துறையிலிருந்து காலையில் வந்துவிட்டார். அத்தை கோபியிலிருந்து மதியம் வந்தார். முறைப்படி ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியவர். பெண்ணை நகர்த்தக்கூடாது என்றதும், இரண்டு பைகளுடன் தானே வந்து இறங்கியிருக்கிறார். மருமகன் வீட்டில் வந்து தங்குகிறோமே என்று அவருக்கு ஒரே கூச்சம். செருப்பை வாசலுக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்தில் கழற்றி வைத்தார்.

"ஏனுங் மாப்ள, நான் ஒரு மூலைல இருந்துக்கறனுங். என்ன வேலைனாலும் சொல்லுங்" என்றார்.

சொல்லாமல் விடுவேனா. கம்பெனியில் இருந்து வந்ததும் ஏ-3 தாளில் ஒரு சார்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மேலே நேரம், பக்கவாட்டில் பெயர்கள். அம்மாவுக்குச் சமையல், காய்கறி, பூஜை அறை. அத்தைக்கு வாசல், பாத்திரம், துணி. எனக்கு மாத்திரை, தண்ணீர், கடை, மேற்பார்வை. அம்மாவுக்குப் பச்சை மை, அத்தைக்கு நீலம்.

இரண்டு பேரும் அதைப் பக்கத்தில் வந்து படித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7, சனி

காலை 132/86. மாலை 136/88.

சுகந்தி லேப்டாப் கேட்டாள். படம் பார்க்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. பழைய காலத்து நிலம், ஆறு, காடு. நாம் ஒரு ஊரை நிறுவி, அதில் ஆட்களை வைத்து, பயிர் செய்து, ரோடு போட்டு, நகரமாக வளர்க்க வேண்டும்.

"காலேஜ்ல நான் இதுல ராணிங்க" என்றாள். "ஆனா இடதுபக்கமாவே படுத்திருக்கறதுல என்னால தட்ட முடியாது. நீங்க உக்காந்து ஆடுங்க, நான் சொல்றேன்."

எனக்கு ஆயிரம் வேலை கிடந்தது. ஆனால் அவள் கேட்டதை இப்போது மறுக்கக்கூடாது. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதல் ஊருக்குப் பெயர் கேட்டது. "யூனிட் 1" என்று அடித்தேன். சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். அதைத் தவிர எல்லாம் நன்றாகவே போனது. ஊரில் ஆள் பிறக்கப் பிறக்க ஒவ்வொருவரையும் ஒரு வயலுக்கு அனுப்பினேன். ஒருவரும் சும்மா இல்லை. நெல், மீன், மரம் எல்லாம் குவிந்தன. புதிதாக விளையாடுகிறவன் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன்.

"பாக்கலாம் பாக்கலாம்" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலை 130/86. மாலை எடுக்கவில்லை, அவள் தூங்கிவிட்டாள்.

யூனிட் 1-இல் கலவரம்.

ஏழாவது ஆள் பிறந்ததும் ஊர்ப் படத்தின் கீழே வரிசையாக இருந்த முகங்களில் நான்கு சிவந்துவிட்டன. மறு நிமிடம் ஊர் முழுக்கப் புகை. அறுவடை நின்றது, கட்டிக்கொண்டிருந்த தானியக் கிடங்கு நின்றது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குப் பஞ்சமில்லை, இவர்களுக்கு என்னதான் வேண்டுமாம்.

"ஒரு ஆள வயல்ல இருந்து எடுங்க" என்றாள் சுகந்தி.

"எடுத்து?"

"எடுத்து ஒண்ணும் குடுக்காதீங்க. சும்மா விடுங்க."

அப்படி விட்டால் அந்த ஆள் மேளக்காரனாக மாறிவிடுவானாம். படத்தில் குட்டியாக ஒரு மேளத்தோடு நிற்பான். அவன் ஒருவன் சும்மா இருந்தால் சிவந்த முகங்களில் இரண்டு சிரிக்கும். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நல்ல மீன் கிடைக்கும் ஏரியில் இருக்கிறவனை எடுத்து மேளம் அடிக்க விடுவதாவது. அதற்குப் பதிலாக இரண்டு வீரர்களை ஊருக்குள் நிறுத்தினேன். கலவரம் அடங்கியது.

"போலீஸ நிறுத்தினா சத்தம் நிக்கும். முகம் சிரிக்காது" என்றாள்.

சத்தம் நின்றால் போதாதா.

ஜூன் 11, புதன்

காலை 136/88. மாலை 138/90.

வீட்டில் ஏதோ சரியில்லை. சார்ட்டில் உள்ளதைவிட அதிகமாகவே வேலை நடக்கிறது. அத்தை விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் பெருக்கி, பாத்திரம் தேய்த்து, அம்மாவுக்குப் போட்டிருந்த காய்கறியையும் நறுக்கி வைத்துவிடுகிறார். அதைப் பார்த்த அம்மா, அத்தைக்குப் போட்டிருந்த துணியைத் தானே துவைத்துவிடுகிறார். இன்று மதியம் அடுப்பில் இரண்டு ரசம் இருந்தன.

அம்மா என்னை பால்கனிக்கு இழுத்துப் போனார். "ஏண்டா மோகனா, சம்பந்தியம்மாவப் பாத்திரம் தேய்க்கச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கறியே, நாளைக்கு கோபில போயி, அந்தூட்டுல என்னைய வேலைக்காரியா வெச்சிருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா எம்மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது?"

"அவங்களே வேலை குடுங்கன்னாங்கம்மா."

"கேப்பாங்கடா. கேக்கறதுதான் மொறை. குடுக்கறது மொறையில்ல."

இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாத்திரத்தை அம்மாவுக்கும் பூஜை அறையை அத்தைக்கும் மாற்றி புது சார்ட் ஒட்டினேன். அம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. பூஜை அறை அம்மாவுடையதாம்.

ஜூன் 14, சனி

காலை 138/90. மாலை 140/90. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

விளையாட்டில் இன்று சுகந்தி சொன்னவற்றை எழுதி வைக்கிறேன், மறந்துவிடக்கூடாது. ரோடு போடும் வேலையாட்களை "தானாகச் செய்" பட்டனில் விடக்கூடாது, ரோடு மேலேயே ரோடு போடுவார்கள். ஆரம்பித்த வேலையை முடிக்க விட வேண்டும். நடுவில் கூப்பிட்டு வேறு இடத்துக்கு அனுப்பினால் பாதி வேலை பாழ். இதைச் செய்துதான் என் பாலம் இன்னும் முடியவில்லை. முதல் ஊர் சிரிக்கிற வரைக்கும் இரண்டாவது ஊர் ஆரம்பிக்கக்கூடாது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசித்து, போனைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். காலேஜ் முடித்துப் பத்து வருடம் ஆயிற்று, மறந்திருக்கும்தானே.

நடுவில் நான் மூன்று முறை எழுந்து போனேன். வாஷிங் மெஷின், கேஸ்காரர், அம்மா தாளித்ததில் வந்த நெடி. "உக்காருங்களேன்" என்றாள். இதோ வருகிறேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலை 140/90.

அத்தை கொண்டு வந்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி சமையலறை அலமாரியில் இருந்தது. சுகந்திக்கு உப்பு ஆகாது. அத்தையைத் தவறாகச் சொல்லவில்லை, அவர் அதை அவளுக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் கண்ணில் பட்டால் கேட்பாள் அல்லவா. ஜாடியை எடுத்துப் போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாட்ச்மேன் மிகவும் சந்தோஷப்பட்டார்.

அத்தை அப்போது சமையலறையில்தான் நின்றிருந்தார். "நல்லதுங் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணிக்கு அம்மா போன். மீட்டிங்கில் இருந்தேன். நான்கு தடவை அடித்தபிறகுதான் எடுத்தேன். "சம்பந்தி பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்கடா. சுகந்தி அழுவறா. வயிறு கல்லு மாதிரி ஆவுதுங்கறா."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கே நேராகப் போனேன். அவர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் சுகந்தி. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பையைத் தோளில் மாட்டியபடியே அத்தை. பஸ் ஏறப் போனவர் பாதி வழியில் திரும்பி ஓடி வந்திருக்கிறார். பிரஷர் 158/100.

வலி நிற்க மருந்து ஏற்றினார்கள். ஒருவேளை குழந்தை இப்போதே வந்துவிட்டால் நுரையீரலுக்கு உதவும் என்று ஊசி போட்டார்கள். "ஒருவேளை" என்ற அந்த வார்த்தைக்குப் பிறகு டாக்டரம்மா சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் இரண்டாம் தேதியில் இருந்தே பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

வலி நின்றிருக்கிறது. 144/92.

வராந்தா பெஞ்சில் இந்தக் கோடியில் அம்மாவும் அந்தக் கோடியில் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மடியில் இன்னும் அந்தப் பை. நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது அம்மா நகர்ந்து நகர்ந்து அத்தை பக்கத்துக்கு வந்திருந்தார். பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை இருவரும் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங் சம்பந்தி. இவன் பள்ளிக்கூடம் போறப்பவே அப்படித்தான். ஒறம்பரை வந்தா அவங்க செருப்பயெல்லாம் சைஸ் வாரியா அடுக்கி வெப்பான். இவிய அப்பாரு சிரிப்பாரு, எனக்கு மட்டும் வகுத்தெரிச்சல்."

"மாப்ளைக்குப் பயமுங்" என்றார் அத்தை. "பயத்துல பண்றாருங். எனக்குத் தெரியாமலா இருக்குது."

நான் மருந்துப் பையோடு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். இருபத்தைந்து பேர் வேலை செய்யும் லைனை நடத்துகிறவன். இவர்கள் இரண்டு பேருக்கும் இருக்கும் அறிவில் பாதி எனக்கு இருந்திருக்கலாம்.

சாயங்காலம் சுகந்தி பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். "ஏங்க, மூணு பேரும் எனக்காகத்தான் ஓடறீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா பக்கத்துல யாருமே உக்கார மாட்டீங்கறீங்க. நான் தனியா சீலிங்கப் பாத்துட்டுக் கெடக்கறேன். அப்படிக் கெடந்தா பழசு எல்லாம் வருது. அந்த ரூம், அந்த நர்சு, எல்லாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலை 138/88. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் வேலையாக சார்ட்டைக் கிழித்தேன். பிறகு அத்தையிடம் போய், "அத்தை, நான் பண்ணுனது தப்புங்க. ஊறுகாய்ல இருந்து எல்லாமே தப்பு. நீங்க ஊருக்குப் போயிடாதீங்க. நீங்க இனி ஒரு வேலையும் பாக்க வேண்டாம், சுகந்தி பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றேன்.

மன்னிப்புக் கேட்டதற்குத் தலையை ஆட்டிக்கொண்டார். சும்மா உட்காரச் சொன்னதற்குத்தான் அவர் முகம் வாடிவிட்டது. "மருமகன் ஊட்டுல உக்காந்துட்டுத் திங்கறதுங்களா" என்றார். நான் மறுபடியும் சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மாதான் காப்பாற்றினார். கரண்டியோடு சமையலறையில் இருந்து வந்து, "உக்காருங் சம்பந்தி. எனக்கு வாய் நீளம், கதை பேச வராது. நான் போயி உக்காந்தா அந்தப் புள்ளைக்குப் பிரஷர் இன்னும் ஏறும். அந்த வேலை உங்களால மட்டுந்தான் ஆவும்" என்றார்.

வேலை என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை எழுந்து போய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூன் 21, சனி

காலை 134/86. மாலை 130/84.

அத்தையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று இன்று தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் "சாப்புடுங் மாப்ள", "நல்லதுங் மாப்ள" இரண்டைத் தவிர வேறு பேசியதில்லை. மனுஷி அச்சு அசலாக எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுகிறார். அவர்கள் தெரு ரேஷன் கடைக்காரர், பந்தியில் இலை போடும்போதே பாயசத்தைக் கேட்கும் பெரிய மாமா, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரிலும் போட்டுப் பேசும் சின்ன மாமியார் என்று ஒருவரும் மிச்சமில்லை.

மாத்திரை கொடுக்கப் போனவன் கதவருகே நின்றேன். உள்ளே என் குரல் கேட்டது. "பச்சை மை அம்மாவுக்கு. நீல மை அத்தைக்கு. செவப்பு மை டேஞ்சருக்கு." அத்தைதான். சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, சிரிச்சா வலிக்குது" என்றாள்.

அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு இரண்டு வருடம் இருக்கும். கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, சத்தமில்லாமல் நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாத்திரை பத்து நிமிடம் தாமதம். பரவாயில்லை.

ஜூன் 25, புதன்

காலை 130/84. மாலை 128/82.

வீடு பார்க்கச் சகிக்கவில்லை. சோபா மேல் துவைத்த துணி மலையாகக் கிடக்கிறது. காலை டிபன் மெஸ்ஸில் இருந்து வருகிறது. அம்மா இப்போதெல்லாம் அரிசிம்பருப்பு சாதம் ஒன்றை வைத்து இறக்கிவிட்டு, கதை கேட்க அறை வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறார். இன்று நிற்கவில்லை, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

யூனிட் 1-இல் வீரர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஏரியில் இருந்தவனை எடுத்துவிட்டேன். மேளத்தோடு நிற்கிறான். மீன் குறைந்துவிட்டது. முகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. பாலம் முடிந்தது.

இன்று நடுவில் ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை என்று சுகந்தி சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை 126/82.

செக்கப். டாக்டரம்மா ரீடிங்குகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், "என்ன சார், உங்க ஊர்ல இப்ப கலவரம் இல்லையே?" என்று கேட்டார்.

இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். சுகந்தி பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாள்.

ஜூலை 6, ஞாயிறு

காலை 128/82. மாலை 126/80.

கட்டுச்சோறு முறையை விட மனமில்லாமல் அத்தையும் அம்மாவும் சேர்ந்து ஐந்து வகைச் சாதம் செய்து, கட்டிலிலேயே சுகந்திக்கு ஊட்டினார்கள். உப்பு குறைவுதான். அம்மா தன் கையால் அத்தைக்கு வளையல் போட்டார். சுகந்தியின் தம்பி நவநீதன் பெங்களூரில் இருந்து வந்திருந்தான்.

சாப்பிட்ட பிறகு எல்லாரும் கண்ணயர்ந்தார்கள். நான் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன், மூன்றாவது ஊருக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. நவநீதன் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"அட, நீங்களும் இத ஆடறீங்களா மாமா? நான்தான் அக்காவுக்கு ஆன்லைன்லயே ஏத்திக் குடுத்தேன்."

"உங்கக்கா இதுல ராணியாமே, காலேஜ்ல" என்றேன்.

சிரித்தான். "அக்காவா? கேம்னாலே ஆகாது அவளுக்கு. நான் ஆடினா வயரப் புடுங்கி விடுவா. போன மாசம் திடீர்னு போன் பண்ணி, உக்காந்தபடியே மணிக்கணக்கா ஆடற மாதிரி ஏதாச்சும் இருக்குதா, ஆளுகள வெச்சு வேல வாங்கற மாதிரி இருக்கோணும்னு கேட்டா. எடுத்ததும் அவளுக்கு ஒண்ணும் புரியல. தெனமும் மத்தியானம், நீங்க கம்பெனில இருக்கறப்ப போன் பண்ணி, வேலையாட்கள எப்படி விடறது, கலவரம் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்குவா. யாருக்குக்கா இதுன்னேன். டாக்டரம்மா சொல்லியிருக்காங்கன்னா. பெட் ரெஸ்ட்ல போரடிக்கும்ல."

"ஆமா, போரடிக்கும்" என்றேன்.

லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போனேன். அவள் இடதுபக்கமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை தலையணைக்கு அடியில் போனைப் பிடித்தபடி இருந்தது. வயிற்றில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பிடிக்காத ஒன்றைப் படித்து, ராணி என்று பொய் சொல்லி, பிடிவாதக்காரன் ஒருவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ, அவர்களுக்கு என் நன்றி.

அவளிடம் இதைக் கேட்கப் போவதில்லை. சாயங்காலம் அவள் எழுந்ததும், "மூணாவது ஊரை எங்க வெக்கலாம், சொல்லு" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்தோரமா" என்றாள்.

ஜூலை 16, புதன்

காலை 130/84. மாலை 132/84.

ஒன்றும் விசேஷமில்லை. விசேஷமில்லாத நாளுக்கு இவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்கு முன்பு தெரியாது.

ஜூலை 24, வியாழன்

காலை எட்டரைக்குப் பனிக்குடம் உடைந்தது. இந்த முறை யாரும் ஓடவில்லை. அத்தை சுகந்தியின் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார், அம்மா பையை எடுத்தார், நான் டாக்டரம்மாவுக்குச் சொன்னேன்.

மதியம் பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. மாதம் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டாள். மூச்சுக்கு உதவி வேண்டும், இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள். சுகந்தி நன்றாக இருக்கிறாள். கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். உள்ளங்கை அளவு முகம். மூக்கில் குழாய்.

அழுதாள் என்று நர்ஸ் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டவர்கள் சொன்னார்கள்.

ஜூலை 25, வெள்ளி

குழாயை இன்னும் எடுக்கவில்லை. சுகந்தியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போய்க் காட்டினோம். கை விடும் துளை வழியாக விரலை நீட்டினாள். குழந்தை பிடித்துக்கொண்டது. அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. பில் கவுண்டருக்கு இரண்டு தடவை போனேன். வேறு தலையணை கேட்டேன். பார்க்கிங்கில் காரை நகர்த்தி நிழலில் விட்டேன். பிறகு அங்கும் வெயில் வந்துவிட்டது என்று திரும்பவும் நகர்த்தினேன்.

ஜூலை 27, ஞாயிறு

குழாய் எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள்.

மதியம் நர்ஸ் வெளியே வந்து, குழந்தையின் அப்பா யார் என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் யாராவது வெறும் நெஞ்சில் வைத்துக்கொண்டால் எடை ஏறுமாம், உடம்பில் சூடு தங்குமாம். காலையில் சுகந்தி வைத்திருந்தாள். சாயங்காலம் வரை அவள் தூங்கட்டும், அப்பா வரலாம் என்றார்.

கை கழுவச் சொன்னார்கள், முழங்கை வரை கழுவினேன். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, என் நெஞ்சின் மேல் அவளை வைத்து, மேலே துணி சுற்றினார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணக்கூடாது சார். அசையாம, பேசாம இருங்க. உங்க மூச்சக் கேட்டுத்தான் அவ மூச்சு விடப் பழகுவா."

அவள் எடை எனக்குத் தெரியவே இல்லை. சூடு மட்டும் தெரிந்தது. முதலில் என் மூச்சு தாறுமாறாக இருந்தது, அவளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். பிறகு சரியாகிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம், ஒன்றாக இழுத்தோம். எதிர்ச் சுவரோரம் மருந்து வண்டி ஒன்று கோணலாக நின்றிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கோணலாகவே நின்றது.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் தருகிறீர்களா என்று கேட்டேன்.